12 நிமிடத்துக்கு 38 ஸ்லைடு: எதை எடுப்பது, எதை வைப்பது?

கேள்வி: தங்கச்சிமடத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன் நான். வடகடலில் (பாக் விரிகுடாவில்) மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வெயில் காலத்தில் வெளுத்துப்போவதைப் பற்றி அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் பேச வேண்டும். பேச்சு 12 நிமிடம், கேள்விகள் 3 நிமிடம். 38 ஸ்லைடு இருக்கிறது. எதைக் குறைப்பது? இங்கிலீஷில் தடுமாறாமல் பேச என்ன வழி?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தேன். முதல் ஒன்பதில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா, பவளப்பாறை, ஆவுளியா என்னும் கடல்பசு எல்லாம் வருகின்றன. உங்கள் மிதவைகளோ பாக் விரிகுடாப் பக்கம் கிடக்கின்றன! ஒன்பதையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வரைபடம் போதும்: நடுவில் பாம்பன் தீவு, வடக்கே வடகடல், தெற்கே தென்கடல், மிதவை கட்டிய இடத்தில் ஒரு புள்ளி.

என் முதல் மாநாட்டில் நானும் முன்கதையிலேயே நேரத்தைக் கரைத்தேன். மணி அடித்துவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பின் முடிவு இருந்த ஸ்லைடு திரைக்கே வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முடிவை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். வரைபடத்துக்கும் முன்னால் ஒரு போட்டோ காட்டுங்கள். உள்ளங்கையில் இரண்டு பாசிக் கிளைகள்: ஒன்று பழுப்பாக, தடித்து, மற்றது நடுவில் உப்புக்கல் போல வெளுத்து, தொட்டால் முறியும் நிலையில். "45 நாளில் அறுக்க வேண்டிய பாசி, தண்ணீர் சூடேறினால் அதற்கு முன்பே இப்படி ஆகிறது. எந்த அறிகுறியைக் கண்டதும் அறுக்கலாம் என்று பார்த்திருக்கிறேன்" என்று தொடங்குங்கள். இந்த வெளுப்புக்கு உள்ள ஐஸ்-ஐஸ் நோய் என்ற பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

வளர்ச்சிப் படத்தில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவர்கள் அரங்கில் இருக்கலாம். நீலம், ஆரஞ்சு என்று மாற்றுங்கள். படம் வந்தவுடன் ஓடாதீர்கள். கீழே நாட்கள், பக்கத்தில் எடை என்று சொல்லி, வெளுப்பு தொடங்கிய நாளைச் சுட்டிக்காட்டி, இரண்டு விநாடி சும்மா நில்லுங்கள். அவர்கள் பார்க்கட்டும். மொத்தம் 12 ஸ்லைடுக்கு மேல் வேண்டாம்.

இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டாம். முதல் மூன்று வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் உருப்போட்டால் ஒரு சொல் நழுவினாலும் பேச்சு நின்றுபோகும். அதற்கு முன், கரையில் மிதவை கட்டும் அக்கா ஒருவரிடம் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அப்போ எத்தனாவது நாள்ல அறுக்கணும் தம்பி?" என்று கேட்டால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. "என்னதான் சொல்ல வர்ற?" என்றால் மறுபடி உட்கார்ந்து எழுதுங்கள். அப்புறம் இங்கிலீஷில், எழுந்து நின்று, வாய்விட்டு, செல்போனில் நேரம் வைத்து நாலைந்து முறை. 11 நிமிடத்தில் முடிய வேண்டும்; மேடையில் ஒரு நிமிடம் எப்படியும் போய்விடும்.

பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும்.

கேள்வி வந்தால் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். வெளுப்புக்கு வெப்பம் மட்டுமே காரணமில்லை, உப்புத்தன்மை மாறினாலும் வரும். அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அளக்கவில்லை என்றால் அளக்கவில்லை என்றே சொல்லுங்கள். நீங்கள் எடுத்துவிடும் ஸ்லைடுகளில், மிதவை வாரியான எடை அட்டவணையை மட்டும் நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.