ஆறு ஆதாரமும் சுரப்பிகளும்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): காமன் கூத்துல சிவன் நெற்றிக்கண்ணால காமனை எரிக்கிறாரே, அந்தக் கண் மூளைக்குள்ள இருக்கிற பீனியல் சுரப்பிதானா அண்ணே?

பதில்: கதை பழசு, சுரப்பி விளக்கம் புதுசு. 1649இல் டேக்கார்ட் பீனியலை ஆன்மாவின் இருப்பிடம் என்றார். அது மூன்றாம் கண்ணின் மிச்சம் என்று 1888இல் எழுதிப் பரப்பியவர், அதற்கு எட்டு வருஷம் முன்னால் இலங்கைக்கும் வந்துபோன, பிரம்மஞான சபையைச் சேர்ந்த பிளவாட்ஸ்கி அம்மையார்.

அதற்காக முழுக்கத் தள்ளவும் முடியாது. தேயிலைச் செடியில் உட்கார்ந்திருக்கும் ஓணானின் உச்சந்தலையை உற்றுப் பாருங்கள். ஒரு செதிலின் நடுவில் குண்டூசித் தலையளவு புள்ளி இருக்கும். அது வெளிச்சத்தை உணரும், பீனியலோடு உறவுள்ள உறுப்பு. நமக்கு அந்தப் புள்ளி இல்லை. வெளிச்சம் பற்றிய செய்தி விழித்திரையிலிருந்து நரம்பு வழியாகச் சுற்றிப் போகிறது. இருட்டினால் பீனியல், தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் ஹோர்மோனைச் சுரக்கும்.

காமனை அடக்குவது பற்றி: 1898இல் ஹாய்ப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர், பீனியலில் கட்டி வந்த சிறுவன் வயதுக்கு முன்பே பருவமடைந்ததைப் பதிவு செய்தார். ‘பீனியல் கெட்டால் காமம் கிளம்பும்’ என்ற பேச்சுக்கு அது தீனி போட்டது. ஆனால் இந்தக் கட்டிகளில் சில தாமே எச்.சி.ஜி. ஹோர்மோனைச் சுரந்து விதைகளைத் தூண்டுகின்றன என்பது பிறகு தெரிந்தது.

கேள்வி (பதுளை): ஆறு ஆதாரத்துக்கும் (யோகத்தில் சொல்லும் ஆறு சக்கரங்கள்) ஆறு சுரப்பி என்று வாட்ஸ்அப்பில் அட்டவணை வருகிறதே, சரியா?

பதில்: இரண்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்தாலே குட்டு உடையும். மூலாதாரத்துக்கு ஒன்று அட்ரினல் என்கும், மற்றது பாலினச் சுரப்பி என்கும். அட்ரினல் இருப்பது சிறுநீரகத்துக்கு மேலே. மூலாதாரமோ குதத்துக்கும் குறிக்கும் நடுவில். புருவ நடுவில் உள்ள ஆக்ஞைக்கு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியா பீனியலா என்பதிலும் இதே இழுபறி. நெஞ்சில் உள்ள அனாகதத்துக்கு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்கிறார்கள். அது பருவ வயதுக்குப் பின் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். பக்தி முதிர்கிற வயதில் இதயத் தாமரை வாடுமா என்ன?

இந்த ஆதாரங்களைப் பற்றி 1577இல் பூர்ணானந்தர் எழுதிய சமஸ்கிருத நூலில் சுரப்பியே கிடையாது. இதழ்கள்தான்: 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50, இதழுக்கு ஓர் எழுத்து. முதல் ஐந்து ஆதாரங்களுக்கும் ஒரு வடிவமும் ஒரு பூதமும் உண்டு: சதுரம் மண், பிறை நீர், முக்கோணம் தீ, அறுகோணம் காற்று, வட்டம் ஆகாயம். நம் சைவர்கள் இந்த ஆதாரங்களைத் தலங்களோடு பொருத்தினார்கள்: மூலாதாரம் திருவாரூர், மணிபூரகம் திருவண்ணாமலை, அனாகதம் சிதம்பரம்.

கேள்வி (மஸ்கெலியா): நாக்கை மேலே மடிக்கும் கேசரி முத்திரையில் சொட்டும் அமுதம் பிட்யூட்டரி நீரா?

பதில்: இல்லை. பிட்யூட்டரிக்குக் குழாய் கிடையாது, சுரப்பது நேரே இரத்தத்தில் கலக்கும். நாக்கை மடிக்கும்போது ஊறுவது எச்சில். ஆனால் தலையில் அடிபட்ட பிறகு, குனியும்போது ஒரு பக்க மூக்கில் தெளிந்த தண்ணீர் வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு. விசுத்திக்காக (தொண்டையில் உள்ள ஆதாரம்) தோளில் நிற்கும் சர்வாங்காசனம் செய்தால் தைரொக்சின் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக்கூடாது தங்கச்சி. ஆசனம் குறைந்த ஹோர்மோனை ஈடு செய்யாது. பிரஷரோ பெரிய கழலையோ இருந்தால் அந்த ஆசனமே வேண்டாம். மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் முதலில் சாயத்தண்ணியை (பால் விடாத தேநீர்) பாருங்கள். விடியற்காலையில் அதைக் குடித்த கையோடு மாத்திரை போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் பச்சைத்தண்ணியோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாயத்தண்ணி. இரும்பு, கல்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. டொக்டர் அளவை மாற்றினால் 6 வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைரொயிட் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும்.