குவீனின் 'பொஹிமியன் ராப்சடி': சிங்கிளாக வந்ததும் மேடையில் பாடியதும் (கேள்வி பதில்)

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மெதுவான பியானோப் பகுதி, நடுவில் பல குரல்கள் சேரும் ஓபரா பகுதி, பிறகு ராக் பகுதி என்று போகும் பாட்டு இது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாடல் வரிகளுக்கு என்ன அர்த்தம் என்ற விவாதம் வேண்டாம், வெளியீடும் மேடையும் மட்டும் பேசுவோம்.

அண்ணா, கிட்டத்தட்ட 6 நிமிஷப் பாட்டை அந்தக் காலத்து ரேடியோவில் எப்படிப் போட்டார்கள்?

போட மாட்டார்கள் என்றுதான் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியும் பயந்தது. பாட்டு 5 நிமிடம் 55 விநாடி, அப்போது ஓடிய சிங்கிள்களோ (ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக விற்கும் தட்டுகள்) மூன்று நிமிடத்தை ஒட்டியவை. வெட்டித் தாருங்கள் என்றார்கள், குழு மறுத்துவிட்டது. லண்டன் கேபிடல் ரேடியோவில் கென்னி எவரெட் என்ற அறிவிப்பாளர், குவீனின் பாடகரும் இந்தப் பாட்டை எழுதியவருமான பிரெடி மெர்குரியின் நண்பர். அவர் கைக்கு ஒரு பிரதி போனது, ஒலிபரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் முதலில் துண்டு துண்டாகப் போட்டு ஆசை காட்டிவிட்டு, ஒரே வார இறுதியில் 14 தடவை ஒலிபரப்பிவிட்டார். ஜனங்கள் கடைக்குப் போய்க் கேட்டால் தட்டு இன்னும் வரவே இல்லை! 1975 அக்டோபர் 31 அன்று சிங்கிள் வெளிவந்தது, நவம்பர் கடைசியில் பிரிட்டனில் முதலிடம், அங்கேயே 9 வாரம். கீழே இறக்கியது 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் குழுவின் 'மம்மா மியா'. ராப்சடியின் ஓபரா பகுதியிலும் அதே இரண்டு சொற்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

நடுவில் வரும் கோரஸுக்கு எத்தனை பாடகர்கள்?

மூன்றே பேர். பிரெடி, கிட்டாரிஸ்ட் பிரையன் மே, ரோஜர் டெய்லர். உச்சியில் கீச்சென்று கேட்பது டிரம்மர் ரோஜரின் குரல், பாஸ் வாசித்த ஜான் டீக்கன் இதில் பாடவில்லை. 1975 ஆகஸ்டில் வேல்ஸில் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவைத் தொடங்கி, பிறகு லண்டனில் வேறு ஸ்டூடியோக்களிலும் தொடர்ந்தார்கள். தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். இருந்தது 24 டிராக் டேப்தான், அதாவது 24 தனித்தனி ஒலிப்பதிவுகளுக்குத்தான் இடம், ஆகவே பாடியதை எல்லாம் கலந்து ஒரு டிராக்கில் ஒதுக்கி, காலியான இடத்தில் மறுபடி பாடி, அதையும் கலந்து, இப்படியே போனதில் ஓபரா பகுதிக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் ஆயிற்று. டேப் ஓடி ஓடித் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று பிரையன் மே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்து வரும் மேடை, வீடியோ கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்: நாலு பேர் மேடையில் நின்று அப்படியே திரும்பச் செய்யவே முடியாத ஒன்றை ஸ்டூடியோவில் செய்துவிட்டார்கள்.

அதனால்தான் வீடியோ எடுத்தார்களா?

பெரும்பாலும் அதனால்தான். பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற டி.வி. பாட்டு நிகழ்ச்சியில் வந்து வாயசைக்க வேண்டும், இந்தப் பாட்டுக்கு நாலு பேர் நின்று வாயசைத்தால் எடுபடாது, போதாக்குறைக்கு அப்போது சுற்றுப்பயணம் வேறு. பயண ஒத்திகை நடந்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவிலேயே இயக்குநர் புரூஸ் கௌவர்ஸ் சுமார் நாலு மணி நேரத்தில் வீடியோ டேப்பில் எடுத்து முடித்தார். நவம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. உலகத்தின் முதல் மியூசிக் வீடியோ இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு, பீட்டில்ஸ் அறுபதுகளிலேயே அப்படிப் படங்கள் எடுத்தார்கள். ஆனால் ஒரு சிங்கிளை விற்க வீடியோ எவ்வளவு உதவும் என்று கம்பெனிகளுக்குப் புரியவைத்தது இதுதான்.

சார், மேடையில் ஓபரா பகுதிக்கு டேப்பை ஓடவிட்டு இவர்கள் உள்ளே போய்விடுவார்களாமே, அது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை என்பேன், அழுத்தமாகவே சொல்கிறேன். வாயசைத்திருந்தால்தான் ஏமாற்று. இவர்கள் மேடையையே காலி செய்துவிட்டு, விளக்குகளை மட்டும் ஆடவிட்டு, இது டேப் என்று எல்லோருக்கும் தெரியும்படி விட்டார்கள். ராக் பகுதி தொடங்கும் அந்த நொடியில் வெடியும் வெளிச்சமுமாகத் திரும்ப ஓடி வருவார்கள், அரங்கம் அதிரும். ஆரம்பத்தில் இதுவும் இல்லை. 1975 டிசம்பர் 24 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பாடியதைக் கேளுங்கள்: தொடக்கத்தைப் பாடி, அப்படியே 'கில்லர் குவீன்' உள்ளிட்ட வேறு பாட்டுகளுக்குத் தாவி, கடைசியில் திரும்ப வந்து முடிக்கிறார்கள். முழுப் பாட்டையும் டேப்போடு சேர்த்துத் தருவது அதற்கப்புறம்தான் வழக்கமானது.

லைவ் எய்டில் பாதியிலேயே விட்டது ஏன்?

லைவ் எய்டு என்பது பல குழுக்கள் பாடிய நிதி திரட்டும் கச்சேரி. 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி மைதானம். கையில் இருந்தது சுமார் 20 நிமிடம், நல்ல பகல் வெளிச்சம், அதில் காலி மேடையையும் டேப்பையும் வைத்து என்ன செய்வது? பியானோப் பகுதியைப் பாடி, கிட்டார் சோலோவோடு நிறுத்தி, நேராக 'ரேடியோ கா கா'வுக்குப் போனார்கள். சரியான முடிவு.

பி சைடில் (தட்டின் மறுபக்கத்தில்) என்ன பாட்டு?

ரோஜர் எழுதிய 'ஐம் இன் லவ் வித் மை கார்'. ஒரு தட்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாட்டையும் எழுதியவர்களுக்குச் சமமான ராயல்டி (விற்பனைப் பங்கு), ராப்சடியின் விற்பனையில் ரோஜருக்கும் அதே அளவு போனது, அதனால் குழுவுக்குள் பல காலம் மனக்கசப்பு இருந்தது.

ஒரே பாட்டு இரண்டு கிறிஸ்துமஸுக்கு முதலிடமா?

ஆமாம், 1975இலும் 1991இலும், அதே பதிவு. 1991 நவம்பர் 24 அன்று பிரெடி எய்ட்ஸ் சார்ந்த நிமோனியாவால் இறந்தார். டிசம்பரில் 'தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பாட்டோடு சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள், 5 வாரம் முதலிடம், வருமானம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட் என்ற எய்ட்ஸ் தொண்டு அமைப்புக்குப் போனது. எய்ட்ஸ் என்றாலே ஜனங்கள் ஒதுங்கிய காலம் அது, அந்தப் பணத்தைவிட அந்தப் பெயர் பொதுவில் பேசப்பட்டது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 1992 ஏப்ரல் 20 அன்று பிரெடிக்கு நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் பாடகர் எல்டன் ஜான் பாடத் தொடங்க, ஓபராவுக்கு வழக்கம்போல டேப், ராக் பகுதிக்கு 'கன்ஸ் அன் ரோஸஸ்' குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாய்ந்து வந்தார்.

அமெரிக்காவில்?

1976இல் 9ஆம் இடம். 1992இல் 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில் காருக்குள் தலையாட்டும் காட்சிக்குப் பிறகு 2ஆம் இடம். 2018இல் பாட்டின் பெயரிலேயே படம் வந்தபோது மூன்றாவது தடவையாகப் பட்டியலில் ஏறியது.

பிரெடி இந்தியாவில் படித்தவர் என்பது நிஜமா அக்கா சொன்ன கதையா?

அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சான்சிபாரில் பிறந்த பார்சி, இயற்பெயர் பரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் படித்தார், அங்கேயே 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தார்.

மேடைப் பதிவுகளில் முதலில் எதைக் கேட்கலாம்?

1981இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த கச்சேரி. படமாகவே கிடைக்கிறது, ஒலியும் தெளிவு. அப்புறம் 1979இன் 'லைவ் கில்லர்ஸ்' என்ற மேடைப் பதிவு ஆல்பம். ஹேமர்ஸ்மித் பதிவைக் கடைசியில் வையுங்கள், முழுப் பாட்டும் மேடையில் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு கேட்டால்தான் அன்றைக்கு எதை விட்டுவிட்டு எதைப் பாடினார்கள் என்று பிடிபடும்.