முன்னாள் படைவீரர் கேள்வி – பதில்: பணிப்பதிவில் பிழை, யாரிடம் திருத்துவது?

ஸ்பர்ஷ் (படைவீரர் ஓய்வூதியத்துக்கான இணையதளம்) வந்த பிறகு கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து பெயர், பிறந்த தேதி, குடும்ப விவரம் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. முன்பெல்லாம் வங்கியில் ஆளைத் தெரியும் என்பதால் ஓரெழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். கணினி அப்படி விடுவதில்லை.

கேள்வி: என் கணவர் ஈ.எம்.இ.யில் (ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பி.பி.ஓ.விலும் (ஓய்வூதிய ஆணை) என் பெயர் ‘ஜெயா’. ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ‘ஜெயலட்சுமி’. பிறந்த தேதியும் ஐந்து வருடம் தள்ளி இருக்கிறது. வங்கியில் ஸ்பர்ஷுக்குப் போகச் சொல்கிறார்கள், ஸ்பர்ஷ் மையத்தில் ரெக்கார்ட்ஸுக்கு (படைப்பிரிவின் பதிவு அலுவலகம்) எழுதச் சொல்கிறார்கள். எங்கே போவது? – வாசகி, பண்ருட்டி

பதில்: ஸ்பர்ஷ் மையத்தில் சொன்னதுதான் சரி, அம்மா. கைப்பேசி எண், முகவரி போன்றவற்றை ஸ்பர்ஷில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மனைவி பெயரும் பிறந்த தேதியும் அப்படி அல்ல. அவற்றின் மூலம் உங்கள் கணவரின் பணிப்பதிவு. அது செகந்திராபாத்தில் உள்ள ஈ.எம்.இ. ரெக்கார்ட்ஸில் இருக்கிறது. அங்கே பார்ட் டூ ஆர்டர் (பணிப்பதிவில் மாற்றத்தை ஏற்றும் உத்தரவு) போட்டுத் திருத்திய பிறகுதான், பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகம் திருத்த பி.பி.ஓ. கொடுக்கும். ‘கார் பி.பி.ஓ.’ என்று சொல்வார்களே, அதுதான். அதன் பிறகு ஸ்பர்ஷில் தானாக ஏறும். மேல்தொட்டியில் அழுக்கு இருக்கும்போது குழாயைத் துடைத்துப் பயன் இல்லை.

உங்கள் கணவர் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது அவர் கையெழுத்திட்டு, ‘பதிவில் உள்ள ஜெயாவும் ஜெயலட்சுமியும் ஒருவரே, என் மனைவி’ என்று எழுதினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு அதையே நீங்கள் எழுதினால், நீங்கள்தான் அந்த மனைவி என்பதிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும். அதுவரை குடும்ப ஓய்வூதியம் நிற்கும்.

ரெக்கார்ட்ஸ் வழக்கமாகக் கேட்பவை: கணவர் கையெழுத்திட்ட விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், இருவரின் ஆதார், பான் நகல்கள், சான்றொப்பமிட்ட ஜோடிப் புகைப்படம், உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. நகல்கள். பெயர் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் கேட்பார்கள். விளம்பரத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். இதழின் பெயரும் தேதியும் தெரிகிற முழுப் பக்கம் வேண்டும். ஒவ்வொரு ரெக்கார்ட்ஸும் தனித்தனிப் படிவம் வைத்திருப்பதால், காசு செலவழிக்கும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் (பலருக்கு இன்னும் ‘சைனிக் போர்டு’தான்) படிவத்தை நிரப்ப உதவி செய்து, அவர்கள் வழியாகவே அனுப்பியும் வைப்பார்கள்.

இப்படிப் போகிற விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தின் வாசகமே காரணம். ஸ்டாம்ப் வெண்டர் கடையில் தயாராக இருக்கும் ‘பெயர் மாற்ற’ வாசகத்தை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ‘இன்று முதல் ஜெயலட்சுமி என்று அழைக்கப்படுவேன்’ என்று அதில் இருக்கும். உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் பெயரை மாற்றவில்லை, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் பதிவாகியிருக்கிறது. ‘இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும், ஜெயலட்சுமி என்பதே சரியான பெயர்’ என்றுதான் வாசகம் இருக்க வேண்டும். சரியான பிறந்த தேதியையும் அதே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். நோட்டரி போதுமா, நீதித்துறை நடுவர் முன்தான் உறுதியளிக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். நோட்டரி போட்டதை ஏற்காமல் திருப்பிய ரெக்கார்ட்ஸ் உண்டு.

படை எண்ணை அதன் இறுதியில் வரும் ஆங்கில எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். பழைய ஆட்கள் எண்ணை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள், எழுத்தை விட்டுவிடுவார்கள். நாயப் சுபேதாராகவோ அதற்கு மேலோ ஓய்வு பெற்றவர்களுக்கு ஜே.சி. எண் (இளநிலை அதிகாரிக்கான எண்) தனி, அதையும் சிப்பாயாகச் சேர்ந்தபோது கொடுத்த எண்ணையும் இரண்டையுமே குறிப்பிட வேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, நடுவில் புள்ளியா இடைவெளியா என்பது வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். லட்சுமியில் எக்ஸ் போட்டதா, கே எஸ் எச் போட்டதா என்பதில் எத்தனையோ பென்ஷன்கள் தடுக்கி நிற்கின்றன.

பிறந்த தேதியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் இரட்டிப்பு. ஐந்து வருடம் இளையவராகப் பதிவாகியிருந்தால் அந்த முதல் 20 சதவீதம் ஐந்து வருடம் தாமதமாகத்தான் வரும்.

கேள்வி: என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மாவட்டம் ‘தென் ஆற்காடு’. இப்போது என் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம். என் நண்பருடையதில் ‘பாண்டிச்சேரி’. பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்கிறார் ஒரு இடைத்தரகர். – வாசகர், உளுந்தூர்பேட்டை

பதில்: போட வேண்டாம். தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. பாண்டிச்சேரி 2006இல் புதுச்சேரி ஆனது. நீங்கள் சேர்ந்தபோது எழுதியது அன்றைக்குச் சரி, அதனால் அது பிழையே அல்ல. இப்போதைய முகவரியை ஸ்பர்ஷில் மாற்றிக்கொண்டால் போதும். இடைத்தரகருக்குக் கொடுக்க நினைத்த பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: நான் கடற்படையில் மாலுமியாக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியும் பணிப்பதிவில் உள்ள தேதியும் வேறு. இப்போது திருத்த முடியுமா? – வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சேரும்போது நீங்களே அந்தத் தேதியைக் கொடுத்தீர்களா, அல்லது சரியாகக் கொடுத்ததைப் பின்னால் யாராவது தவறாகப் படியெடுத்தார்களா?

நீங்களே கொடுத்தது என்றால், அந்தத் தேதியை வைத்துத்தான் பணிக்காலமும் ஓய்வும் கணக்கிடப்பட்டன. ஓய்வுக்குப் பிறகு அதை மாற்றுவது நடைமுறையில் நடக்காது. பணிக்காலத்தின் கடைசியில் கேட்டாலே நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1993இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக வக்கீல் செலவு செய்யாதீர்கள்.

படியெடுத்ததில் பிழை என்றால் வழி இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாலுமிகளின் பதிவுகள் மும்பை மான்குர்டில் உள்ள கமடோர் பியூரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. ‘என் பதிவைத் திருத்துங்கள்’ என்று அதில் எழுதாதீர்கள். அது தகவல் கோரிக்கை அல்ல என்று மூடிவிடுவார்கள். ‘சேர்க்கைப் படிவத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று மட்டும் எழுதுங்கள். நகல் வந்ததும் அதை இணைத்துத் திருத்தத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அப்பா 1960களில் ராணுவத்தில் ஏழு வருடம் இருந்து வெளியே வந்தவர், பென்ஷன் இல்லை. தானே புயலில் கூரையோடு டிஸ்சார்ஜ் புத்தகமும் போய்விட்டது. டூப்ளிகேட் கிடைக்குமா? – வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: டூப்ளிகேட் புத்தகம் தருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழ் தருவார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிந்து, அதன் அச்சு நகலோடு ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். 2011 டிசம்பரில் தொலைந்ததை இன்று பதிவதில் தவறில்லை, உண்மையான தேதியையே எழுதுங்கள்.

பென்ஷன் இல்லாதவர்களின் கோப்புகளை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. ‘பதிவு அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். லாங் ரோல் என்ற பேரேட்டை அழிக்க மாட்டார்கள். எண், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போன்ற சுருக்க விவரம் அதில் இருக்கும். ‘லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்’ என்று குறிப்பிட்டே கேளுங்கள். படை எண் தெரியாவிட்டால் அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், அன்றைய தாலுகா, சேர்ந்த வருடம் ஆகியவற்றைக் கொடுங்கள். இந்த இடத்தில் ‘தென் ஆற்காடு’ என்றே எழுத வேண்டும். கடலூர் மாவட்டம் என்று தேடினால் அந்தப் பேரேட்டில் கிடைக்காது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு. டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புக் காவல் படை) இரண்டாவதாகச் சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரில் தனிப் பதிவு உண்டு. பழைய ரெஜிமென்டில் செய்த திருத்தம் கண்ணூருக்குத் தானாகப் போகாது, இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். இது தெரியாமல் பாதியில் நிற்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

கேள்வி: 1971 போரில் இருந்தேன். மெடல் ஒன்றுகூட வரவில்லை. – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மெடல் பக்கத்தைப் பாருங்கள். பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் இவற்றில் எதாவது எழுதியிருந்தால் மெடலை மட்டும் கேட்டு ரெக்கார்ட்ஸுக்கு எழுதினால் போதும். எழுதவில்லை என்றால் முதலில் தகுதியைப் பதிவில் ஏற்ற வேண்டும். அப்போது எந்த யூனிட், எந்த இடம், எந்த மாதம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இந்தோசீனாவில் இருந்தவர். அவருடைய பணிச் சான்றில் அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் இடம் மாறியிருக்கின்றன. சைனிக் நலத்துறையில் ‘எங்களால் முடியாது’ என்கிறார்கள். – வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அவர்கள் சொன்னது நியாயம், அது இந்தியப் படைகளின் பதிவு அல்ல. பிரெஞ்சுப் படையின் சிப்பாய்கள், இளநிலை அதிகாரிகளின் பதிவுகள் தென்மேற்கு பிரான்சின் போ என்ற நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டிய தாளின் பெயர் ‘எத்தா சிஞ்ஞலெத்திக் ஏ தெ செர்வீஸ்’. கடிதம் பிரெஞ்சில் இருக்கட்டும். பேத்தி என்ற உறவைக் காட்டும் பிறப்புப் பதிவுகளையும் இணையுங்கள்.

நம் ஊரில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. பிரெஞ்சுப் படிவத்தில் அதற்கென்று கட்டம் உண்டு. எழுத்தர் அப்பா பெயரை அதில் போட்டாரா, சொந்தப் பெயரைப் போட்டாரா என்பதில்தான் இந்தக் குழப்பம் எல்லாம். அதனால் பணிச் சான்றைத் தொடும் முன் தாத்தாவின் பிறப்புப் பதிவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது நாந்த் நகரில் உள்ள மத்திய குடிமைப் பதிவகத்தில் இருந்தால், எழுத்துப் பிழையை நீதிமன்றம் போகாமலே அங்கே விண்ணப்பித்துத் திருத்தலாம். பிறப்புப் பதிவு சரியாக இருந்தால் அதன் நகலைக் காட்டிக் காப்பகத்தில் திருத்தம் கேளுங்கள். மரின் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் எந்தப் பதிவு எங்கே என்று விசாரித்துக்கொண்டு எழுதினால் தபால் வீணாகாது.

கேள்வி: விண்ணப்பித்து மாதக்கணக்கில் பதிலே இல்லை. வழக்குப் போடலாமா? – வாசகர், பாகூர்

பதில்: தபால் ரசீதை வைத்திருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பீட் போஸ்டிலோ, அது தனியாக இருந்த காலத்தில் பதிவுத் தபாலிலோ போன விண்ணப்பத்துக்குத்தான் கணக்கு உண்டு. அது தள்ளுபடியானால் அந்த உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வில் மனு போடலாம். புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. பதிலே வராவிட்டால் மனு கொடுத்து ஆறு மாதம் காத்திருங்கள். அது முடிந்ததிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். இடையில் ஒவ்வொரு மாதமும் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று சிலர் நம்புகிறார்கள். நீளாது.