தேர்மோடைனமிக்ஸ் படிப்பிச்ச பிரதமர்: பாசர்கான் பற்றி நீங்கள் கேட்டதுகள்

போன கிழமை ஈரானைப் பற்றிக் கதைக்கேக்க மெஹ்தி பாசர்கானிட பேரைச் சொன்னன், அதுக்குப் பிறகு கன பேர் கேள்வி கேட்டிட்டீங்கள். தெரியாதவைக்கு: தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில இஞ்சினியரிங் பேராசிரியரா இருந்தவர், 1979 புரட்சிக்குப் பிறகு வந்த முதல் பிரதமர். 79ல நான் கட்டுபெத்தை கம்பஸில, எங்கட தேர்மோ பாடத்தைப் படிப்பிக்கிற ஒருத்தர் ஒரு நாட்டையே பொறுப்பெடுக்கிறார் எண்டு ரேடியோவில கேட்டது இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது.

வெள்ளவத்தையிலயிருந்து ஒரு தம்பி: அங்கிள், கம்பஸில படிப்பிச்ச மனுசன் திடீரெண்டு எப்பிடிப் பிரதமர் ஆனவர்?

திடீரெண்டு இல்லை தம்பி. அரசாங்க ஸ்கொலர்ஷிப்பில பரிஸுக்குப் போய் எகோல் சென்ட்ராலில படிச்சிட்டு வந்தவர், பிறகு இஞ்சினியரிங் பீடத்துக்கே பீடாதிபதி. 1951ல ஈரான் பிரதமர் மொசாடெக் எண்ணெயைத் தேசியமயமாக்கேக்க அபாதான் எண்ணெய் ரிஃபைனரிக்கு அனுப்பின குழுவுக்கு இவர்தான் தலைமை, அப்ப உலகத்திலயே பெரிய ரிஃபைனரி அது, பிரிட்டிஷ் இஞ்சினியர்மார் எல்லாரும் வெளிக்கிட்டுப் போக ஈரான் ஆக்களாலயும் நடத்தேலும் எண்டு நிண்டவர். தெஹ்ரானுக்குப் பைப் தண்ணி கொண்டு வந்த வேலையும் இவற்ற பொறுப்பிலதான் நடந்தது. 53ல மொசாடெக்கைக் கவிழ்த்தாப் பிறகு எதிர்ப்பு அரசியல், 1961ல ஆயத்துல்லா தலெகானியோட சேர்ந்து ஈரான் விடுதலை இயக்கம், பிறகு ஜெயில். அந்த வழக்கில ராணுவ நீதிமன்றத்துக்குச் சொன்னவர், சட்டத்துக்குள்ள நிண்டு உங்களோட கதைக்கிற கடைசி ஆக்கள் நாங்கள்தான் எண்டு. சரியா பதினைஞ்சு வருஷத்தில அது பலிச்சுப் போச்சு.

தொழுகை விடாத ஆள், அதோட பிரான்ஸில படிச்ச இஞ்சினியர், மௌலவிமாரும் நம்பினவை கோட் சூட் போட்ட ஆக்களும் நம்பினவை. அதாலதான் 1979 பெப்ரவரி 5ல புரட்சித் தலைவர் கொமெய்னி இவரை நியமிச்சவர், அந்த நேரம் மன்னர் ஷா வைச்சிட்டுப் போன பிரதமர் பக்தியார் இன்னும் கதிரையில இருக்கிறார், ஒரு கிழமை ஒரே நகரத்தில ரெண்டு பிரதமர்.

மருதானையிலயிருந்து ஒரு தங்கச்சி: சேர், கொமெய்னியே நியமிச்சவர் தானே, பிறகு ஏன் ஒம்பது மாசத்தில போனவர்?

இதுதான் உண்மையான கேள்வி. பதவி இவரிட்ட, அதிகாரம் இவரிட்ட இல்லை. ஒவ்வொரு ஏரியாவிலயும் துவக்கோட கொமிட்டே எண்டு ஒரு குழு, அவை நினைச்ச ஆளைப் பிடிக்கினம், புரட்சி நீதிமன்றம் தன்ர பாட்டில சுடச் சொல்லுது, புரட்சிக் காவல்படை வேற, புரட்சிச் சபை வேற, பிரதமர் அடுத்த நாள்தான் அறியிறார். தன்ர கையில ஒரு கத்தியைத் தந்திருக்கினம் ஆனா பிடி மட்டும்தான் என்ர கையில, அலகு வேற ஆக்களிட்ட எண்டு அவரே சொன்னவர். இன்னொண்டும் சொன்னவர், கொமெய்னி புல்டோசர் மாதிரி கல்லு வேர் எல்லாத்தையும் நசுக்கிக்கொண்டு போவார், நான் ஒரு மெல்லிய கார், எனக்குத் தார் போட்ட ரோட்டு வேணும் எண்டு. நாட்டுக்குப் பேர் வைக்கேக்க ‘ஜனநாயக இஸ்லாமியக் குடியரசு’ எண்டு கேட்டுப் பாத்தவர், அந்த ஒரு சொல்லைக்கூட விடேல்லை.

கடைசியா நவம்பர் 4, மாணவர் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ள பூந்திட்டினம். அதுக்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் அல்ஜியர்ஸில இவர் அமெரிக்க ஜனாதிபதியிட பாதுகாப்பு ஆலோசகர் பிரஜென்ஸ்கியைச் சந்திச்சவர், அதையே குற்றமாக்கிட்டாங்கள். ரெண்டு நாளில பதவி போச்சு, தூதரக ஆக்களோ 444 நாள் பணயக்கைதியா உள்ள.

கொட்டாஞ்சேனை அண்ணை ஒராள்: பொறுப்பெடுத்த ஆள் நடுவில விட்டிட்டுப் போனது சரியோ?

நானும் கனகாலம் அப்பிடித்தான் கோவப்பட்டனான் அண்ணை. ஆனா அதுக்கு முந்தியே கனதரம் விலகிறன் எண்டு குடுத்துப் பாத்தவர், விடேல்லை. வால்வு ஒண்டையும் திருப்ப விடாமல் பொயிலர் வெடிச்சா நீதான் பொறுப்பு எண்டா எந்த இஞ்சினியர் கையெழுத்துப் போடுவான்? அவரிட்டப் பிழை இருக்கு எண்டா அது பெப்ரவரியில, எழுத்தில என்ன அதிகாரம் எண்டு கேக்காமல் ஏற்றது, நவம்பரில இல்லை.

தெஹிவளை: எங்களுக்கு இதில என்ன?

சப்புகஸ்கந்த ரிஃபைனரியே ஈரான் மசகெண்ணெய்க்கு எண்டு டிசைன் பண்ணினது, எங்கட தேயிலை அங்க போகுது. தூரத்து ஊர்க் கதை இல்லை.

பம்பலப்பிட்டி: 2022ல காலிமுகத்திடலில நிண்டனான், அரகலயாவுக்குப் பிறகு ஒரு பேராசிரியரைப் பிரதமராக்கியிருந்தா?

நீங்கள் நிண்டதுக்கு மரியாதை மகள். ஆனா இஞ்ச ஜூலை 9ல ஜனாதிபதி மாளிகை விழுந்தாலும் பார்லிமென்ட் விழேல்லை, 20ம் திகதி அவைதான் வோட்டுப் போட்டு அடுத்த ஆளைத் தெரிஞ்சவை. ஈரானில பெப்ரவரி 11ல எல்லாமே ஒண்டா விழுந்தது, வெறும் நிலத்தில இருந்துகொண்டு பாசர்கான் சட்டப்படி நடக்கப் பாத்தவர். இஞ்ச கம்பஸில படிப்பிச்ச ஹரிணி அமரசூரிய 2024ல பிரதமர் ஆனது தேர்தலில வெண்ட கட்சியோட, ரெண்டையும் ஒரே தராசில வைக்கேலாது.

மட்டக்குளி: பிறகு அவருக்கு என்ன நடந்தது?

1980ல தெஹ்ரானிலயிருந்து பார்லிமென்டுக்குத் தெரிவானவர், சபையில கூச்சல் போட்டாலும் எழும்பிக் கதைச்சவர். ஈராக்கோட நடந்த யுத்தத்தில 82ல கொர்ரம்ஷஹர் நகரத்தைத் திருப்பிப் பிடிச்சாப் பிறகு யுத்தத்தை நிப்பாட்டுங்கோ எண்டவர், கேக்கேல்லை, 88 மட்டும் இழுத்தது. 85 ஜனாதிபதித் தேர்தலில போட்டியிட விடேல்லை. நாட்டை விட்டு ஓடாமல் எழுதிக்கொண்டே இருந்தவர், 1995 ஜனவரியில வைத்தியத்துக்கு எண்டு வெளிக்கிட்டுப் போகேக்க சுவிற்சர்லாந்தில செத்தவர்.