கால் ஜாடி ஊறுகாய்

கேள்வி: எனக்கு 44 வயது. சென்னையில் வங்கி வேலை. சொந்த ஊர் காரைக்குடி பக்கம். 12 வருடமாகப் பழைய சீன, ஜப்பானியப் பீங்கான்களும் பர்மா அரக்குச் சாமான்களும் சேர்க்கிறேன். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் முழ உயரத்துக்கு ஒரு பழுப்பு ஜாடி இருந்தது. ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனபோது வாங்கிவந்தது. இந்தப் பொங்கலுக்குப் போனபோது அதில் கால் ஜாடி எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, ஜாடியை நன்றாகக் கழுவி எடுத்துவந்து, கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆத்தா (78 வயது, ஊரில் தனியாக இருக்கிறார்) ஒன்றும் சொல்லவில்லை. அப்பச்சி (அப்பா) இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் இப்போது "விலை போட்டுப் பாதியைக் கொடு" என்கிறார். அவருக்கு மர்த்தபான் ஜாடி என்றால் என்னவென்றே தெரியாது. அருமை தெரிந்தவளிடம் இருப்பதுதானே நியாயம்? அவருக்கு எப்படிப் புரியவைப்பது? இன்னொன்று: 40,000 ரூபாய்க்கு வாங்கிய நீல வெள்ளைத் தட்டின் அடியில் மிங் அரசர் சுவாந்தவின் பெயர் 6 எழுத்தில் இருக்கிறது. நம்பலாமா?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அண்ணன் தங்கை வழக்கு இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. நிலத்துக்கு வந்திருக்கிறது, வைரத்தோட்டுக்கு வந்திருக்கிறது, ஒருமுறை நாலு தேக்குத் தூணுக்கு வந்தது. இப்போது ஜாடி. "எனக்குத்தான் அதன் அருமை தெரியும்" என்று எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி இருக்கும். அதை நான் தாண்டிப் போய்விடுவேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஊறுகாய்.

ஏம்மா, அதை யார் போட்டது? ஆத்தாதானே? 78 வயதில் உட்கார்ந்து எலுமிச்சை நறுக்கி, உப்புப் போட்டு, தினம் குலுக்கி, வெயில் பார்த்து எடுத்து வைத்து எடுத்து வைத்து ஆக்கியது. ஒற்றை ஆளுக்குக் கால் ஜாடி எதற்கு? அந்த வயதில் வைத்தியர் உப்பைக் குறை என்றுதான் சொல்வார். வருகிற பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கத்தான் போட்டிருக்கிறார். உங்களுக்காகத்தான். நீங்கள் ஊறுகாயை விட்டுவிட்டு ஜாடியைத் தூக்கிவந்திருக்கிறீர்கள்.

"நன்றாகக் கழுவி" என்று வேறு எழுதுகிறீர்கள். எதைப் போட்டு? ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போனாலே வீட்டில் ரகளை நடக்கும். வாயைச் சுற்றி வேட்டித் துணி கட்டிய தடம், உள்ளே உப்புப் பூத்து நின்ற கோடு, கயிறு தேய்த்துத் தேய்த்து வழவழத்துப்போன காது, இதெல்லாம் அதில் இருந்திருக்கும். 12 வருடமாகச் சேர்க்கிறவர் நீங்கள். லென்ஸ் வைத்து நீங்களெல்லாம் தேடுவது இந்தத் தேய்மானத்தைத்தானே? புதுசைப் பழசாக்கி விற்கிறவன் அமிலம் தடவியும் மண்ணில் புதைத்தும் வரவழைக்கப் பார்ப்பதும் இதைத்தான். உங்கள் வீட்டில் அது தானாக வந்து சேர்ந்திருந்தது. தேய்த்துக் கழுவிவிட்டீர்கள்.

அண்ணனுக்கு மர்த்தபான் தெரியாதாம். அது ஒரு ஊரின் பெயர். பர்மாவில் சால்வீன் ஆறு கடலில் சேரும் இடத்தில், மௌல்மீனுக்கு எதிர்க்கரை. இப்போது மொத்தமா என்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் கப்பலேறிய ஜாடிகளுக்கெல்லாம் ஊர்ப்பெயரே பெயராகிவிட்டது. பர்மாவில் சுட்டதும் அதில் உண்டு, சயாமில் சுட்டதும் உண்டு, தென்சீனச் சூளையில் வெந்ததும் உண்டு. ஒரே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக வனைந்ததால் வயது சொல்வதும் லேசில்லை. உள்ளே என்ன வைத்தார்கள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் நம் மதுரை வரைக்கும் வந்து போன இபின் பதூதா, கீழ்க்கடல் பக்கம் ஒரு இளவரசி தனக்கு வழிக்குக் கொடுத்தனுப்பியதை எழுதிவைத்திருக்கிறார். நாலு மர்த்தபான். அவற்றில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய், எல்லாம் கடற்பயணத்துக்கென்று உப்பில் போட்டது. வடக்கே இன்றைக்கும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றே சொல்கிறார்கள். அப்படியென்றால் அருமை தெரிந்தவர் யார்? இரண்டாங்கட்டில் அதில் எலுமிச்சை போட்டு வைத்திருந்தவரா, விளக்குப் போட்டு வைத்திருப்பவரா?

"ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை." அதைச் சம்மதக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். பொங்கலுக்கு வந்த மகள், வாசலில் கார் நிற்கிறது, கையில் ஜாடி. எந்தத் தாய் அப்போது "கீழே வை" என்பாள்? நானும் இதைச் செய்தவள்தான். "நீ எங்கே இனிப் பாயசம் வைக்கப் போகிறாய்" என்று என் தாயார் வீட்டு வெண்கல உருளியைத் தூக்கிவந்தேன். அடுத்த முறை போனபோது எவர்சில்வர் பாத்திரத்தில் அடிப்பிடித்த பாயசத்தைக் கொடுத்து, "எனக்குக் கைப்பக்குவம் போயிருச்சும்மா" என்றார். உருளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணனுக்கு வருகிறேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பாதி என்று எந்தக் கணக்கில் கேட்கிறார்? உயில் எழுதாமல் அப்பச்சி போயிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருமே முதல் வகுப்பு வாரிசுகள். பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். எப்படிப் போட்டாலும் ஆத்தா பங்கு இல்லாமல் கணக்கு முடியாது. அண்ணன் பாதியைக் கேட்கிறார், நீங்கள் முழுசையும் எடுத்துக்கொண்டீர்கள். அதைப் புழங்கிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு பேர் கணக்கிலும் பிளாஸ்டிக் டப்பாதான். ஜாடியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிற யோசனை அவருக்கு இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: 100 வயது தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தனியாருக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

பெற்றவள் இருக்கிறவரைக்கும் அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடப் பிள்ளைகள் சொத்தில்லை. சட்டம் என்ன சொன்னாலும் என் கட்சி இதுதான். பழைய கட்சி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தட்டு விஷயம். சுவாந்த ஆண்டது 1426 முதல் 1435 வரை, பத்தே வருடம். அவர் பெயரை அடியில் எழுதுகிற வழக்கமோ அவருக்குப் பின் பல நூற்றாண்டுக்கு ஓயவில்லை. பின்னால் வந்த சீன அரசர் காங்ஷி காலத்துச் சாமான்களிலேயே, அதாவது 1662க்குப் பிறகு செய்ததிலேயே, அவர் பெயர் உண்டு. முன்னோர் மேல் மரியாதைக்கு எழுதினவர்களும் இருந்தார்கள், விற்பதற்கு எழுதினவர்களும் இருந்தார்கள். நிஜமான சுவாந்தத் தட்டு ஏலத்துக்கு வந்தால் கோடிக்கணக்கில் போகும். 40,000 ரூபாய்க்கு உங்களைத் தேடிவராது. பூ வேலை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டு யார் வீட்டில் இருந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஜாடிக்கு இருக்கிறார். ஐயா எந்த வருஷம் கொண்டுவந்தார், மௌல்மீன் கடையா இரங்கூன் கடையா, நாலு காதில் ஒன்று உடைந்திருந்தால் யார் கையில் உடைந்தது, அப்பத்தா அதில் என்ன போட்டுவைப்பார்? சேகரிப்பவர்கள் ஒரு பொருளின் பூர்வோத்தரத்துக்குத்தான் உயிரை விடுவார்கள். கடைக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்கிற நீங்கள் ஆத்தாவிடம் ஒன்றாவது கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை.

வருகிற சனிக்கிழமை கிளம்புங்கள். காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். கம்பளியில் சுற்றி, பக்கத்து இருக்கையில் வைத்துப் பட்டி போடுங்கள். போகும்முன் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி. பொத்தென்று கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது, உங்கள் கையில் விட்டதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாங்கட்டில் அது நின்ற இடத்தில் தரையில் வட்டத் தடம் இருக்கும், அங்கேயே வையுங்கள். வழியில் இரண்டு கிலோ எலுமிச்சை வாங்கிப் போங்கள், நறுக்குவது நீங்கள். அண்ணனிடம் அதுவரை பேச வேண்டாம். ஜாடி திரும்பிவிட்டால் அவருக்குக் கேட்க ஒன்றுமிருக்காது.

போனதும் அந்த இரண்டு டப்பாவையும் திறந்து பாருங்கள். ஊறுகாய் அப்படியே இருக்கிறதா, பூத்துப் போயிற்றா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.