வெறியும் வேலியும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஐபிஎல் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது விடுதி டிவி ஹாலில் சென்னை ரசிகர்களுக்கும் பெங்களூரு ரசிகர்களுக்கும் வாய்ச்சண்டை வந்து கைகலப்பாகிவிட்டது. யாரோ வீசிய பிளாஸ்டிக் நாற்காலி பட்டு என் மகனுக்குப் புருவத்தில் ஏழு தையல். வீசியவன் இவனுடைய ரூம்மேட்டே. சண்டை மற்ற மாடிகளுக்குப் பரவாமலிருக்க வார்டன் ஹால் கதவை வெளியே பூட்டிவிட்டாராம், நல்லவேளை.

1999இல் பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது நம் சேப்பாக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகளா இவர்கள்? ஆதிமனிதனின் குழுவெறிதான் இப்படி வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில் செய்வதுபோல ரசிகர்களைப் பிரித்து, வேலி போட்டு அடைத்தால்தான் சரிப்படும். உங்கள் கருத்து என்ன? இனி அவனை மேட்ச் பார்க்க விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), ஈரோடு.

அன்புள்ள டீச்சர்,

பையனுக்குத் தையல் பிரித்தாயிற்றா? புருவத் தழும்பு ஆம்பிளைப் பிள்ளைக்கு அழகு என்று என் அம்மா சொல்வாள். உங்களிடம் சொன்னால் அடிக்க வருவீர்கள். வலியோடு எழுதிய கடிதம் என்று தெரிகிறது, அதனால் முதலிலேயே ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் திட்டப்போகிறேன்.

மேட்ச் பார்க்க விடலாமா என்கிறீர்கள். பத்தொன்பது வயதுப் பையன், சட்டைப்பையில் போன். நீங்கள் யார் விடுவதற்கு?

சேப்பாக்கம் கதையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தார், 12 ரன்னில் தோற்றோம், ஜெயித்தவர்களுக்குக் கைதட்டினோம். நல்ல சாயங்காலம், யார் மறுத்தது? ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு கைதட்டலை வட்டிக்கு விட்டே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆதிமனிதனையும் விட்டுவிடுவோம். கி.பி. 59இல் இத்தாலியின் பாம்பேயி நகரத்து அரங்கில் வாள்வீரர் சண்டைப் போட்டி நடந்தபோது உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊரான நுசேரியாவிலிருந்து வந்தவர்களும் கேலியில் ஆரம்பித்து, கல்லுக்குப் போய், வெட்டுக்குத்தில் முடித்தார்கள். ரோமாபுரி செனட் பத்து வருஷத்துக்கு அங்கே அந்த மாதிரிப் போட்டியே கூடாது என்று தடை போட்டது. அந்தச் சண்டையை ஒருவர் வீட்டுச் சுவரில் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள், இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்த, தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை இருந்த ஊர் அது. குகையில் இருந்தவனை ஏன் இழுக்கிறீர்கள்?

இதற்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது ஒரு சொல். ‘நல்லவேளை.’

அடித்துக்கொண்டிருக்கிற பையன்களை உள்ளே வைத்து வெளியே பூட்டியிருக்கிறார் ஒரு வார்டன். ரத்தம் வழிய உங்கள் மகனும் உள்ளேதான் இருந்திருக்கிறான். அதற்கு நல்லவேளை என்கிறீர்கள். நீங்கள் டீச்சர். 2004 ஜூலை 16ஐ நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? கும்பகோணத்தில் 94 குழந்தைகள். கூரையில் தீ, இறங்குவதற்குக் குறுகலான ஒரு படிக்கட்டு. அதன் பிறகுமா ஒரு ஆசிரியை பூட்டிய கதவைப் பார்த்து நிம்மதி அடைவது?

2025 ஜூன் 4ஆம் தேதியிலிருந்து இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வருஷம் காத்திருந்து பெங்களூரு அணி முதல் கோப்பையை வாங்கிய மறுநாள். சின்னசாமி மைதானத்து வாசல்களில் 11 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றிலும் ‘கிரிக்கெட் வெறி’. யார்மேல் வெறி? எதிரணி என்று ஒன்று அங்கே கிடையாது. ரசிகர்கள் யாரும் யாரையும் அடிக்கவில்லை. சந்தோஷத்தில் வந்தவர்கள், வாசலில் நெரிபட்டுச் செத்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை அந்த வாசலுக்கு வரவைத்தது யார், அதை யார் எப்படித் திறந்தார்கள் என்பதல்லவா கேள்வி?

இந்தோனேசியாவில் 2022 அக்டோபர் 1. கிழக்கு ஜாவாவில் மலாங் நகரம், கஞ்சுருகான் மைதானம். உள்ளூர் கால்பந்து அணியான அரேமா, பெர்சபாயா அணியிடம் 3–2 என்று தோற்றது. கோபத்தில் ஆட்கள் தரையில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகையைச் சுட்டது, அதுவும் உட்கார்ந்திருந்த ஜனங்கள் இருந்த படிவரிசைகளை நோக்கி. மைதானத்துக்குள் கண்ணீர்ப் புகையே கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது. ஜனங்கள் வாசலுக்கு ஓடினால் சில கதவுகள் பூட்டியிருந்தன, சில பாதி திறந்திருந்தன. 135 பேர். ஆரம்பத்தில் இதையும் இரண்டு அணி ரசிகர்களின் மோதல் என்று பலர் எழுதினார்கள். டீச்சர், எதிரணி ரசிகர்களை அன்றைக்கு மைதானத்துக்குள் விடவே இல்லை. கலவரம் வரக்கூடாது என்று முன்கூட்டியே தடுத்துவிட்டார்கள். நீங்கள் கேட்கிற பிரிப்பு நூற்றுக்கு நூறு அங்கே நடந்திருந்தது.

சரி, வேலிக்கு வருகிறேன். வெளிநாட்டில் வேலி போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டார்கள். எப்படிப் பிடுங்கினார்கள் என்பது உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்கம் ஃபாரஸ்டும் மோதும் அரையிறுதி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த நாட்டில் கால்பந்து ரசிகன் என்றாலே ரவுடி. அவன் தரையில் குதிக்கக்கூடாது என்று முன்னால் உயரமான இரும்பு வேலி, பக்கவாட்டிலும் வேலி. ஆட்டுப்பட்டி மாதிரி. அவர்கள் வாயில் அதற்குப் பெயரும் பட்டிதான். வெளியே லிவர்பூல் ரசிகர்களின் நெரிசல் அதிகமானதும் போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கேட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்கப்பாதையில் நேராக நடந்தார்கள். அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளில் போய் முடிகிறது. அந்தப் பாதையை மூட யாருக்கும் தோன்றவில்லை. ஓரத்துப் பட்டிகளில் இடம் இருந்தது.

மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பம், மூன்று ஆறுக்கு நிறுத்தினார்கள். அதற்குள் வேலியில் முகம் அழுந்தி, நெஞ்சை விரிக்க இடமில்லாமல், பலர் நின்றபடியே மூச்சுமுட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலி ஏறித் தப்பித்தவர்களை ரகளை செய்ய வருகிறார்கள் என்று நினைத்துப் போலீஸ் முதலில் திருப்பித் தள்ளியது. 97 பேர். கடைசி ஆள் முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அன்று பட்ட காயத்தின் காரணமாகவே 2021இல் போனார். இறந்தவர்களில் சின்னவனுக்கு பத்து வயது. குழந்தைகள் உட்பட எல்லா உடலிலும் ரத்தம் எடுத்து, சாராயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். பத்து வயதுப் பையன் ரத்தத்தில் எதைத் தேடினார்கள்?

சாவுக்குக் குடிதான் காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆனாலும் பொய் நின்றது. கேட்டை ரசிகர்களே உடைத்தார்கள் என்று அந்த அதிகாரி அன்றைக்கே சொன்னார். நாலாம் நாள் ‘தி சன்’ பத்திரிகை, குடிகார ரசிகர்கள் பிணத்திடம் திருடினார்கள் என்கிற பொய்யை ‘உண்மை’ என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூலில் பல வீடுகளில் இன்றும் அந்தப் பேப்பர் வாங்குவதில்லை. தான் சொன்னது பொய் என்று அதிகாரி சாட்சிக் கூண்டில் ஒத்துக்கொண்டது 2015இல். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் தவறே இல்லை என்று ஜூரி சொன்னது 2016இல். இருபத்தேழு வருஷம் அம்மாக்கள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். என் பிள்ளை வெறியன் இல்லை என்ற ஒன்றை நிரூபிக்க.

அங்கே வேலியை எடுத்து, பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி போட்டது அதற்கப்புறம்தான். இன்றைக்கும் இரண்டு பக்க ரசிகர்களைத் தனித்தனியாகத்தான் உட்கார வைக்கிறார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. பிரிப்பது ஒன்று, அடைப்பது ஒன்று.

ரசிகர்கள் எல்லாம் தங்கக்கட்டிகள் என்று சொல்ல வரவில்லை. அதே லிவர்பூல் ரசிகர்கள்தான் 1985 மே 29இல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் இத்தாலிய அணியான யுவென்டஸின் ரசிகர்கள்மேல் பாய்ந்தார்கள். ஒதுங்க இடமில்லாமல் ஜனம் ஒரு பாடாவதிச் சுவர்மேல் சாய, சுவர் விழுந்தது. 39 பேர் செத்தார்கள். பாய்ந்தது குற்றம், அதற்காகச் சிலர் ஜெயிலுக்கும் போனார்கள், போகத்தான் வேண்டும். அந்த லட்சணத்தில் இருந்த மைதானத்தை இறுதிப் போட்டிக்குக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேச்சு அவ்வளவு இல்லை. நம் நாட்டிலேயே 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் தோட்டம், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கால்பந்து ஆட்டம். இரண்டு அணியிலும் ஆளுக்கு ஒருவரை வெளியேற்றினார்கள், கேலரியில் அடிதடி, ஓடினவர்கள் மிதிபட்டு 16 பேர் போனார்கள். இரண்டு தரப்பையும் கலந்து உட்கார வைத்திருந்தார்கள், அதனால் இந்த விஷயத்தில் பாதி உங்கள் கட்சிதான் நான். அந்தத் தேதியில் அங்கே இன்றும் ரத்ததானம் செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அந்த இரண்டு கூட்டமும், அதே ஊரின் இன்னொரு அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்து, கொலையுண்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு சால்ட் லேக் மைதானத்துக்கு முன்னால் தெருவில் நின்றார்கள். போதிய பாதுகாப்பு தர முடியாது என்று போலீஸ் சொன்னதால் அந்த இரண்டு அணிகளின் போட்டி ரத்தாகியிருந்தது, வந்தவர்கள்மேல் அதே போலீஸ் தடியடியும் நடத்தியது.

நான் யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டே போகிறேன். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தை மாசம், அறுவடை முடிந்த வயலில் டியூப் லைட் கட்டிக் கபடி. எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்கும் ஃபைனல். கடைசி இரண்டு நிமிஷம், எங்கள் ஆள் பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். நடுக்கோட்டுக்கு முன்னாலேயே பாட்டு விட்டுப்போச்சு என்று அவர்கள், விடவில்லை என்று நாங்கள். ரெஃப்ரி யாரைப் பார்த்து விசில் ஊதினார் என்பது இன்றுவரை தெரியாது. யாரோ ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் பக்கத்திலேயே இருந்தது.

நானும் எறிந்தேன் டீச்சர். இருட்டில், அக்கரை ஊர்க்காரர்கள் நின்ற திசைக்கு, கை வலிக்கும்வரை. பயமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக என் ஊரோடு நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. உங்கள் மகனுடைய ரூம்மேட்டிடம் கேட்டுப்பாருங்கள், நாற்காலி கையை விட்டுப்போன அந்த நொடி அவனுக்கும் இனித்திருக்கும். அதற்கு அடுத்த நொடியைத்தான் அவன் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான்.

என் கல் ஒன்று சித்தப்பாவின் பின்மண்டையில் பட்டது. சண்டையை விலக்க ஓடிய மனுஷன். அவர் ‘ஐயோ’ என்று உட்கார்ந்த இடத்தை நான் பார்த்தேன், எறிந்த கையையும் எனக்குத் தெரியும். அக்கரைக்காரன் அடித்தது என்று ஊரே முடிவு செய்தது. அப்புறம் பதினோரு வருஷம் இரண்டு ஊரும் ஒருவரையொருவர் கபடிக்குக் கூப்பிடவில்லை. கல்யாண வீடுகளில் தலையைக் குனிந்து அந்தத் தழும்பைக் காட்டிச் சித்தப்பா கதை சொல்வார். நான் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்தார், கடைசிவரை நான் சொல்லவே இல்லை. சித்தி இதையெல்லாம் படிக்க மாட்டாள். அவள் பேரன் படிப்பான். படித்துவிட்டுக் கூப்பிட்டால் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி, ரெண்டாயிரம் பேர் இருட்டில் கல்லடிக்குத் தப்பி ஓடினார்களே, ஒருவர் சாகவில்லை. வாய்க்காலில் விழுந்த ஒரு கிழவருக்கு முட்டி பெயர்ந்தது, அவ்வளவுதான். எங்களுக்குள் வெறி குறைச்சலாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? ஆட்டக்களத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு, அதைத் தாண்டினால் நாலு பக்கமும் அறுத்த வயல். ஓடினவர்களுக்கு வானம்வரை வழி இருந்தது.

பையன் விஷயத்தை மறந்தே போய்விட்டேன். ரூம்மேட்டைப் போலீசில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருவேளை சாப்பாடு போட்டு நன்றாக நாலு வார்த்தை திட்டுங்கள். அடுத்த தடவை விடுதிக்குப் போகும்போது அந்த டிவி ஹாலைப் பாருங்கள். எத்தனை கதவு, உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, ஜன்னலில் கம்பி உண்டா, ராத்திரி சாவி யாரிடம் இருக்கிறது. வகுப்பில் பேசுகிற குரலிலேயே வார்டனிடம் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை எனக்கும் எழுதுங்கள்.