பழைய வேரியபிளை யார் கவனிப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெபியன் லினக்ஸில், பின்னணியில் ஓடும் சேவை நிரல் (டீமன்) ஒன்றின் சிறிய பேக்கேஜைப் பராமரிக்கிறேன். என் கைக்கு வந்தபோது அதைத் தொடங்கவும் நிறுத்தவும் பயன்படும் இனிட் ஸ்கிரிப்ட் 300 வரிக்கு மேல் இருந்தது. அதில் பாதி, ‘பழைய பதிப்பிலிருந்து வருகிறவர்களுக்காக’ என்று குறிப்பு எழுதிய வரிகள். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு 12 வரியில், சேவைகளை இன்று நடத்தும் சிஸ்டம்டிக்கான யூனிட் கோப்பு ஒன்றை எழுதினேன். பயனர்கள் தங்கள் அமைப்புகளை எழுதும் டிஃபால்ட் கோப்பில், டீமனுக்குப் போகும் ஆப்ஷன்களை வைத்திருக்கும் வேரியபிளின் பெயர் பொருத்தமாக இல்லை, அதையும் மாற்றினேன். மாற்றங்களின் பதிவான சேஞ்ச்லாகில் தெளிவாக எழுதியும் வைத்தேன். இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால் அப்கிரேடின்போது சேவை ரீஸ்டார்ட் ஆகாது. மூன்று வாரம் கழித்து ஒருவர் கொதித்துப்போய் எழுதுகிறார்: சர்வரை ரீபூட் செய்ததும், லோக்கல்ஹோஸ்டில், அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும், இருந்த சேவை எல்லா முகவரியிலும் திறந்துகொண்டதாம். சேஞ்ச்லாகைப் படிக்காதது அவர் தப்புதானே? இந்தப் பழைய மூட்டையை எத்தனை காலம் சுமப்பது? அந்த 300 வரியில் எதைத்தான் தூக்கலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேஞ்ச்லாகை யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, ஒரு ரிலீஸ் அப்கிரேடில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் மாறுகின்றன. இந்த மாதிரி விஷயத்துக்காகவே டெபியனில் நியூஸ் என்று தனிக் கோப்பு இருக்கிறது. அதைக் காட்டும் ஏப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் என்ற நிரல் போட்டிருக்கும் கணினியில் அப்கிரேட் நடக்கும்போதே அது கண்ணில் படும். நீங்கள் எழுதியிருக்க வேண்டிய இடம் அது.

ஆனால் அங்கே எழுதியிருந்தாலும் பாதிப் பிரச்சினை அப்படியேதான் இருந்திருக்கும். பெயரை மாற்றியதில் தப்பில்லை. பழைய பெயரில் ஒருவர் எழுதிவைத்திருப்பதைப் பார்த்து எதுவும், யாரும், ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் தப்பு. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக்கில் தெரியாத ஒரு சொல் இருந்தால் அது கிளம்பவே மறுக்கும். டிஃபால்ட் கோப்பு அப்படியல்ல. அங்கே எந்தப் பெயரும் சரியான பெயர்தான். சிஸ்டம்டி அந்தப் பழைய வேரியபிளை மரியாதையாக வாசித்து, டீமனின் சூழலில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அதை எடுத்துப் பயன்படுத்தும் வரியைத்தான் நீங்கள் நீக்கிவிட்டீர்களே! ‘லோக்கல்ஹோஸ்டில் மட்டும்’ என்று அதில் எழுதியிருந்த பூட்டு இப்போது இல்லை, அந்தப் பழைய பெயரைப் பற்றி எந்த லாகிலும் ஒரு வரி இல்லை. சேவை கிளம்பாமல் நின்றிருந்தால்கூட அவர் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். கிளம்பியதுதான் கெடுதல். அதிலும் கோளாறு தெரிந்தது அப்கிரேட் அன்று அல்ல, ரீபூட் அன்று. அதற்குள் எது மாறியது என்பதே அவருக்கு மறந்திருக்கும்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்துக்காரர்கள் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். சேவைகளைத் தொடங்கும் அவர்களுடைய ஆர்சி அமைப்பு, அதன் உறவான நெட்பிஎஸ்டியிலிருந்து வந்தது. எல்லா ஸ்கிரிப்டுகளும் பகிர்ந்துகொள்ளும் பொது ஷெல் கோப்பு ஒன்று அதில் உண்டு. ‘இந்த வேரியபிள் பழசு, புதியது இது’ என்று பதிவு செய்வதற்கு அந்தக் கோப்பில் ஒரு ஃபங்ஷனே வைத்திருக்கிறார்கள். பழைய பெயரில் மதிப்பு இருந்தால் அதைப் புதிய பெயருக்கு மாற்றிவிட்டு, ‘இது வழக்கொழிந்தது, அதைப் பயன்படுத்து’ என்று ஓர் எச்சரிக்கை போடும். மாற்றுப் பெயரே இல்லையென்றால், ‘கண்டுகொள்ளப்படாது’ என்றாவது சொல்லும். சேவையும் ஓடுகிறது, ஆளுக்கும் தெரிகிறது.

யூனிட் கோப்பில் இதே மாதிரி ஃபங்ஷன் எழுத முடியாதுதான். ஆனால் உங்களுக்குத் தேவை ஒரே ஒரு வரி. டீமனைத் தொடங்கும் வரியில் பழைய வேரியபிளையும் புதியதையும் அடுத்தடுத்து, தனித்தனிச் சொல்லாக, நெளிவு அடைப்பு போடாமல் எழுதுங்கள். மதிப்பில்லாத வேரியபிள் அப்படி வந்தால் அந்த இடத்தில் எந்த ஆர்குமெண்டும் போகாது. அடைப்பு போட்டால் வெற்று ஆர்குமெண்ட் ஒன்று போய், சில டீமன்கள் குழம்பிவிடும். அப்புறம், தொடங்குவதற்கு முன் ஓடும் வரியில், பழைய பெயரில் ஏதாவது இருந்தால் ஓர் எச்சரிக்கை எழுதும் சின்ன ஷெல் சோதனை. அவ்வளவுதான். நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டிலிருந்து பயனரின் டிஃபால்ட் கோப்பைத் திருத்திவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். அது கான்ஃப்ஃபைல், பயனர் திருத்தியதை டெபியன் காக்க வேண்டிய கோப்பு. பராமரிப்பு ஸ்கிரிப்டுகள் அதைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி.

நீங்கள் கடிதத்தில் சொல்லாத, ஆனால் நிச்சயம் உங்களைத் தேடி வரப்போகிற ஒரு புகார் உண்டு. பழைய டிஃபால்ட் கோப்பை வாசித்தது, கட்டளைகளை ஓட்டும் ஷெல். அதனால் ஜனங்கள் அதில் என்னவெல்லாமோ எழுதியிருப்பார்கள். முந்தைய மதிப்போடு இன்னொன்றைச் சேர்ப்பது, கணினியின் பெயரைக் கட்டளை போட்டு எடுத்துச் செருகுவது, வரியின் முன்னால் ‘எக்ஸ்போர்ட்’ என்று போடுவது. சிஸ்டம்டி அந்தக் கோப்பை வாசிக்கும்போது ஷெல் கிடையாது. டாலரும் அடைப்புக்குறியும் எழுதியபடியே, எழுத்து மாறாமல், டீமனின் ஆர்குமெண்டாகப் போய் நிற்கும். ‘எக்ஸ்போர்ட்’ போட்ட வரி செல்லாத பெயர் என்று ஒதுக்கப்படும். கோப்பின் பெயர் அதே, இடம் அதே, வேரியபிளும் அதே, பொருள் மட்டும் வேறு. பெயரை மாற்றியதைவிட இது மோசம், ஏனென்றால் தேடுகிறவருக்கு எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் தெரியும். அந்தக் கோப்பின் தலைப்பில் ‘இங்கே ஷெல் ஓடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சேவையின் பெயரை மாற்றாமல் விட்டீர்களே, புண்ணியம். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஏலியாஸ் என்ற மாற்றுப்பெயர் வசதி இருக்கிறது. டெபியனில் எஸ்எஸ்எச் யூனிட்டுக்கு எஸ்எஸ்எச்டி என்ற பெயரும் செல்லுவது அப்படித்தான்.

எத்தனை காலம்? டெபியனில் இதற்குத் திட்டவட்டமான விடை இருக்கிறது. ஒரு ஸ்டேபிள் (நிலையான) ரிலீஸிலிருந்து அடுத்ததற்குத்தான் அப்கிரேட், நடுவில் ஒன்றைத் தாண்டுவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஆகவே எச்சரிக்கையோடு கூடிய பழைய பெயர் ஒரு ஸ்டேபிளில் முழுசாக இருந்துவிட்டால், அதற்கு அடுத்ததில் மனசாட்சி உறுத்தாமல் நீக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் மாதிரி, ரிலீஸ் என்று நிற்காமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் பேக்கேஜ் தொகுப்பில் இந்தச் சௌகரியம் கிடையாது. எவ்வளவு பழைய பதிப்பிலிருந்தும் ஒருவர் நேராக இன்றையதற்கு வரலாம்.

அந்த 300 வரியில், டீமனின் ப்ராசஸ் எண்ணை வைத்திருக்கும் பிஐடி கோப்பைப் பழைய ரன் கோப்புறையிலும் தேடும் பகுதியை இப்போதே தூக்குங்கள். அந்த இடமாற்றம் நடந்து பல ரிலீஸ் ஆகிவிட்டது. ஆனால் தொடக்கத்தில், டீமன் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சத்தமில்லாமல் வெளியேறும் வரியைப் பழைய குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பேக்கேஜை ரிமூவ் செய்து பர்ஜ் (அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்குவது) செய்யாமல் விட்டால் இனிட் ஸ்கிரிப்ட் மட்டும் ஈடிசி கோப்புறையில் தங்கிவிடும். ஸ்கிரிப்ட் இருக்கும்வரை அந்த வரியும் வேண்டும். ஸ்கிரிப்டையே எடுப்பதானால், பேக்கேஜிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, பயனரின் டிஸ்க்கிலிருந்தும் முறைப்படி நீக்கச் சொல்ல வேண்டும். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் மெயின்ட்ஸ்கிரிப்ட் ஹெல்ப்பர் அதற்குத்தான். சிஸ்டம்டி இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்காக, இப்படிக் கைவிடப்பட்ட ஸ்கிரிப்டுகளைச் சேர்த்துவைக்கும் ‘ஆர்ஃபன் சிஸ்வி-இனிட் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பேக்கேஜ் ஒன்று டெபியனிலேயே இருக்கிறது. எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.